தாய்மாமன் மடி, ஆயுத பூஜைப் பொரி: ஒரு கிறிஸ்தவர் எங்கே நிற்கலாம், எங்கே ஒதுங்கலாம்?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறீர்கள். ஆயுத பூஜை அன்றைக்கு முதலாளி எல்லோரையும் மெஷின் முன்னால் நிற்கவைத்து ஆரத்தி காட்டி, பொரி கடலை கொடுக்கிறார். உங்கள் அக்கா இந்துக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். அடுத்த மாதம் அவர் குழந்தைக்குக் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துகிறார்கள். தாய்மாமன் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும். "அவர்கள் நடுவிலிருந்து புறப்பட்டுப் பிரிந்துபோய்" என்ற வசனத்தைக் காட்டி, போகவே கூடாது என்கிறார் உங்கள் பாஸ்டர். இதெல்லாம் கலாச்சாரம்தானே, மதமா என்ன, என்கிறார்கள் நண்பர்கள். ஒத்துக்கொள்ள முடியாத ஒரு கலாச்சாரத்துக்கு நடுவில் கிறிஸ்தவன் எப்படி நடந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒத்துக்கொள்ளாமல் இருந்துகொண்டே உறவாகவும் இருக்க முடியுமா என்பதுதான் உங்கள் மனதை அரிக்கிறது என்று எனக்குப் படுகிறது. முடியும் என்று நம்புகிறேன். நான் இறையியல் கல்லூரியில் புதிய ஏற்பாடு கற்பித்தவன். அப்புறம் பல வருடம் சி.எஸ்.ஐ. சபைகளில் போதகராக இருந்தேன். ஏதோ ஒரு வடிவில் இந்தக் கேள்வியோடு யாராவது வீட்டுக்கு வராத வருடம் கிடையாது. எது எனக்கு உறுதியாகத் தெரிகிறதோ அதை உறுதியாகச் சொல்கிறேன். கருத்து வேறுபாட்டுக்கு இடமுள்ளதை அப்படியே சொல்லி, என் சாய்வையும் சொல்கிறேன்.

உறுதியானது முதலில். வழிபாடு ஒருவருக்குத்தான். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. கி.பி. 112 வாக்கில் பித்தினியா என்ற ரோம மாகாணத்தின் ஆளுநராக இருந்த பிளினி, கிறிஸ்தவர்கள் என்று பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்களை எப்படிச் சோதித்தேன் என்று பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. பேரரசரின் சிலைக்கு முன்னால் கொஞ்சம் சாம்பிராணி, கொஞ்சம் திராட்சரசம் படைக்க வேண்டும். கிறிஸ்துவைச் சபித்துச் சொல்ல வேண்டும். படைத்தால் விடுதலை. அதுவும் அந்தக் காலத்து மக்களுக்குக் கலாச்சாரம்தான், நாட்டுப்பற்றுதான். இருந்தும் அந்தச் சாம்பிராணியைப் போட மாட்டோம் என்று மரித்தார்கள். எனவே ஆரத்தியை ஒற்றிக்கொள்வது, அர்ச்சனைச் சீட்டில் உங்கள் பெயரைச் சேர்ப்பது, தெய்வத்தை நோக்கிக் கைகூப்புவது ஆகியவற்றைச் செய்ய மாட்டேன் என்று நீங்கள் சொன்னால், இரண்டாயிரம் வருடத் திருச்சபை உங்களோடு நிற்கிறது. "வெறும் கலாச்சாரம்தானே" என்று நண்பர்கள் சொல்வது இந்த இடத்தில் பொருந்தாது. அதைப் பக்தியோடு செய்கிறவர்களுக்கே அது மரியாதை இல்லை. உங்கள் மச்சான் குலதெய்வத்தைக் கும்பிடுவது அவருக்கு உண்மையான வழிபாடு. அதை நாம் வெறும் சடங்காகக் குறைத்துப் பேசக் கூடாது.

இன்னொன்றும் இதே அளவுக்கு உறுதி. அக்கம்பக்கத்தாரை விட்டுப் பிரிந்து வாழுங்கள் என்று அப்போஸ்தலன் பவுல் சொல்லவில்லை. உங்கள் பாஸ்டர் காட்டிய வசனம் 2 கொரிந்தியர் 6-ல் இருக்கிறது. அதே கொரிந்துச் சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தையும் சேர்த்துப் படியுங்கள். கெட்ட நடத்தை உள்ளவர்களோடு கலவாதிருங்கள் என்று தான் முன்பு எழுதியது உலகத்தாரைப் பற்றி அல்ல, அப்படியானால் நீங்கள் உலகத்தை விட்டே போக வேண்டியிருக்குமே, என்று அவரே விளக்குகிறார். சபைக்கு வெளியே இருக்கிறவர்களுக்குத் தீர்ப்புச் சொல்வது என் வேலையா என்றும் கேட்கிறார். கண்டிப்பு உள்ளே, தாராளம் வெளியே என்பது அவர் வைத்த வரிசை. நம் பிரசங்கங்களில் இது பெரும்பாலும் தலைகீழாகிவிடுகிறது.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். கொரிந்து நகரத்தில் கடையில் தொங்கும் இறைச்சியில் ஒரு பகுதி கோயிலில் பலியிடப்பட்டு வந்தது. கோயில்களோடு சேர்ந்தே விருந்து அறைகளும் இருந்தன. அங்கே அஸ்கிலேபியஸ் என்ற கிரேக்க மருத்துவ தெய்வத்தின் கோயிலை ஒட்டி, சுவரோரம் சாய்ந்து சாப்பிடும் திண்ணைகளோடு அப்படிப்பட்ட அறைகளை அகழாய்வில் கண்டெடுத்திருக்கிறார்கள். பிறந்தநாள், கல்யாணம், தொழிற்சங்க விருந்து எல்லாம் இப்படிப்பட்ட இடங்களில் நடக்கும். போகாவிட்டால் ஊரோடு ஒட்டாதவன் என்று பெயர். உங்கள் பட்டறை நிலைமைக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது, இல்லையா? பவுல் இதற்கு ஒரே பதிலைச் சொல்லவில்லை. கோயில் பந்தியில் வழிபாட்டின் பங்காக உட்காராதே என்கிறார். கடையில் விற்பதை ஒன்றும் விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு என்கிறார். அவிசுவாசி ஒருவர் வீட்டுக்குக் கூப்பிட்டு, உனக்கும் போக மனமிருந்தால், வைத்ததைச் சாப்பிடு என்கிறார். யாராவது "இது படைத்தது" என்று எடுத்துச் சொன்னால் மட்டும், சொன்னவர் மனசாட்சிக்காக விட்டுவிடு என்கிறார். ஒரே இறைச்சிதான். அதைத் தின்பது பக்கத்தில் இருப்பவருக்கு எதைச் சொல்கிறது என்பதை வைத்துப் பதில் மாறுகிறது.

இதைப் பட்டறையில் பொருத்திப் பாருங்கள். பூஜை முடிந்து பொட்டலம் கட்டிய பொரியையும் கடலையையும் வாசலில் எல்லோர் கையிலும் கொடுக்கும்போது வாங்கிக்கொண்டு, "நன்றிங்க" என்று சொல்லிவிட்டு, பக்கத்து மெஷின்காரரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது என் கருத்து. "சாமிக்குப் படைச்சது, பக்தியோடு வாங்கிக்க" என்று நீட்டினால், அங்கே மரியாதையாகத் தவிர்க்கலாம்.

ஆரத்தி நேரத்தில் அங்கே நிற்கலாமா என்பது நல்ல கிறிஸ்தவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடும் இடம். வெளியே போய் நின்றுவிடு என்பவர்கள் உண்டு. எனக்கு 2 இராஜாக்கள் 5-ல் வரும் சீரியா நாட்டுப் படைத்தலைவன் நாகமான் ஞாபகத்துக்கு வருவான். இனி கர்த்தருக்குத்தான் பலியிடுவேன் என்று சொன்ன கையோடு ஒரு சங்கடத்தையும் சொல்கிறான்: என் எஜமான் ரிம்மோன் கோயிலில் பணியும்போது என் கையில்தான் சாய்வார், நானும் குனிய வேண்டி வரும், இதைக் கர்த்தர் மன்னிப்பாராக. தீர்க்கதரிசி எலிசா திட்டவில்லை, தாராளமாகச் செய் என்றும் சொல்லவில்லை. "சமாதானத்தோடே போ" என்றார், அவ்வளவுதான். அந்த மௌனத்தை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ள நான் தயங்குவேன். ஆனால் வேறொருவர் கீழே வேலை செய்கிறவனின் சங்கடத்தைத் தேவன் புரிந்துகொள்கிறார் என்பது அதில் இருக்கிறது.

நிற்பதற்கும் கும்பிடுவதற்கும் வித்தியாசம் உண்டு என்பதை நம் நாட்டு உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. அதற்காக 1985-ல் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று பெயர். 1986 ஆகஸ்டில் தீர்ப்பு பிள்ளைகளுக்குச் சாதகமாக வந்தது. எழுந்து நின்றதே மரியாதை, பாடாதது அவமரியாதை ஆகாது என்றது நீதிமன்றம். அந்தப் பிரிவின் உபதேசம் எனக்கு ஏற்புடையதல்ல. ஆனாலும் அந்தப் பிள்ளைகள் நின்ற விதம் எனக்குப் பிடிக்கும். யாரையும் திட்டவில்லை, அடுத்தவர் பாட்டைத் தடுக்கவும் இல்லை.

பட்டறையில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பூஜைக்கு முந்தின நாள் வேலை இழுத்துப் பிடிக்கும். பிசிறு அள்ளி, கூலண்ட் டிரேயைக் கழுவி, பெட்டைத் துடைத்து ஆயில் போட்டு, தரையைத் தேய்க்க வேண்டும். அந்த வேலையில் முதல் ஆளாக நில்லுங்கள். பூஜைக்குச் சில நாள் முன்பே முதலாளியைத் தனியாகப் பார்த்து, "அண்ணே, வேலை எல்லாம் செய்யறேன். ஆரத்தி மட்டும் எடுத்துக்க மாட்டேன், எங்க விசுவாசம் அப்படி. பின்னால நின்னுக்கறேன்" என்று சொல்லிவிடுங்கள். எல்லோர் முன்னாலும் தட்டை மறுப்பது அவருக்கு அவமானமாகத் தெரியும். முன்கூட்டியே தனியாகச் சொன்னால் பெரும்பாலான முதலாளிகள் "சரி தம்பி" என்று விட்டுவிடுவார்கள். விடாமல் கோபித்துக்கொண்டால், அந்த விலையை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். நம் மறுப்பின் செலவை நாமே ஏற்கும்போதுதான் அது சாட்சியாகிறது.

இப்போது அக்கா வீட்டு விசேஷம். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. அந்த விழாவில் இரண்டு சரடு பின்னிக் கிடக்கிறது. தாய்மாமன் சீர் கொண்டு வருவது, புதுத்துணி எடுப்பது, குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது எல்லாம் உறவு. பிறந்த வீடு இன்னும் இந்தப் பெண்ணைக் கைவிடவில்லை என்று ஊருக்குச் சொல்கிற செயல் அது. கிறிஸ்தவக் குடும்பங்களிலும் தாய்மாமன் முறை இருக்கத்தான் செய்கிறது. குலதெய்வத்துக்கு முடி காணிக்கை, பொங்கல், பலி, அர்ச்சனை எல்லாம் வழிபாடு. காது குத்துவது பெரும்பாலும் முதல் சரடு, மொட்டை இரண்டாவது. இரண்டும் ஒரே மடியில் நடப்பதால்தான் உங்களுக்குக் குழப்பம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் போவேன். சீர் தட்டை நானே தூக்கிக்கொண்டு போவேன். காது குத்தும்போது குழந்தை என் மடியில்தான் இருக்கும். அழுதால் நான்தான் சமாதானப்படுத்துவேன். மொட்டை நேர்த்திக்கடனாக இருந்தால், அதை அப்பா வழித் தாத்தா மடியிலோ, சித்தப்பா மடியிலோ வைத்துச் செய்ய முடியுமா என்று முன்பே கேட்பேன். முடியாது, தாய்மாமன்தான் என்று நின்றால்? இங்கே நான் உறுதியாகச் சொல்ல முடியாத எல்லைக்கு வந்துவிடுகிறேன். குழந்தையைத் தாங்குவது வழிபாடு ஆகாது என்று நான் சாய்கிறேன். நேர்ந்துகொண்டது நான் இல்லை, கொடுப்பதும் நான் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்த, நான் மதிக்கிற போதகர்கள் சிலர் அதையும் கூடாது என்பார்கள். அவர்கள் காரணமும் லேசானதல்ல: பார்க்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்கிறார்கள். ரோமர் 14-ல் பவுல் சொல்வது இப்படிப்பட்ட இடத்துக்குத்தான். விசுவாசத்தினாலே வராத யாவும் பாவமே. மனம் உறுத்திக்கொண்டே இருந்தால், நான் சொன்னேன் என்பதற்காகச் செய்யாதீர்கள்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். எது வழிபாடு, எது கலாச்சாரம் என்று பிரிக்கும் கோட்டைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பலமுறை தவறான இடத்தில் போட்டிருக்கிறோம். 1606-ல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் டி நொபிலி, பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் சமூக அடையாளம்தான், ஞானஸ்நானம் பெற்றவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்று வாதாடினார். 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி அதை அனுமதித்தார். அந்த வாதத்தில் நிறைய நியாயம் உண்டு. ஆனால் அந்தச் சமூக அடையாளத்தோடு சாதியும் சேர்ந்தே உள்ளே வந்தது. உயர்சாதியாருக்கு ஒரு வகைக் குருக்கள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்ற வேறு வகைக் குருக்கள் என்று பிரிந்தது.

இருநூறு வருடம் கழித்து நேர் எதிர்த் தவறு நடந்தது. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர், சரபோஜி மன்னர் மதித்த கவிஞர். இன்றும் நாம் அவர் கீர்த்தனைகளைப் பாடுகிறோம். அவர் 1829-ல், புதிதாக வந்த மிஷனரிகள் மேல் ஒரு முறையீடு எழுதினார். வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், எல்லாச் சாதியாரையும் ஒன்றாக்கக் கட்டாயப்படுத்துகிறார்கள், விசேஷங்களில் பூவைத் தடுக்கிறார்கள், ஆராதனையில் தமிழ்ப் பாட்டை எடுத்துவிடுகிறார்கள் என்று நான்கு குறை. அந்தப் பட்டியலை வகுப்பில் மாணவர்களிடம் கொடுத்து, யார் பக்கம் நியாயம் என்று கேட்பேன். பூவுக்கும் பாட்டுக்கும் எல்லோரும் சாஸ்திரியார் பக்கம் போவார்கள். சாதி என்று வந்ததும் வகுப்பு அமைதியாகிவிடும். பூவையும் சாதியையும் ஒரே மூட்டையில் கட்டி, மிஷனரிகள் இரண்டையும் எறியச் சொன்னார்கள். சாஸ்திரியார் இரண்டையும் காப்பாற்றப் பார்த்தார். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று கண்டிப்பாக எழுதியபோது, தஞ்சாவூர்ப் பக்கத்தில் பலர் சபையை விட்டே விலகினார்கள். வடக்கன்குளம் கத்தோலிக்கத் தேவாலயத்துக்குள் இரு சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 1910-ல்தான் இடிந்தது. கல்லறைத் தோட்டத்தில் சுவர் இன்னும் நிற்கிற ஊர்கள் இருக்கின்றன. திருமண விளம்பரத்தில் "இரட்சிக்கப்பட்ட" என்ற வார்த்தைக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரும் இருக்கிறது. பொரி சாப்பிட்டதற்குக் கண்டிக்கிற சபை, இதற்கு யாரையாவது கண்டித்திருக்கிறதா?

அந்தியோகியாவில் பவுல் பேதுருவை எல்லோர் முன்னாலும் எதிர்த்தார் என்று கலாத்தியர் 2-ல் வாசிக்கிறோம். எதற்காக? யூதரல்லாத புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, சிலருக்குப் பயந்து எழுந்து விலகிக்கொண்டார். விலகினதற்காகத்தான் அந்தக் கோபம். அதனால்தான் "விலகு, விலகு" என்று மட்டும் சொல்லும் உபதேசத்தை நான் முழுக்க நம்புவதில்லை. யாரைவிட்டு, எதற்காக விலகுகிறோம் என்று கேட்க வேண்டும்.

மறுத்துவிட்டு ஒதுங்கி நின்றால் மட்டும் போதாத இடங்களும் உண்டு. ஒரு வழக்கம் இன்னொருவரை மிதிக்கும்போது, "அது அவர்கள் கலாச்சாரம்" என்று நாம் பேசாமல் இருக்க முடியாது. தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்பது ஊர் வழக்கமாக இருந்தது. கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டை போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார்கள். துணி கிழிக்கப்பட்டது, வீடும் தேவாலயமும் எரிந்தன. பல பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1859-ல் அரசு இறங்கி வந்து, மார்பை மறைக்கலாம் என்று அறிவித்தது. அவர்கள் எதிர்த்ததால் கிறிஸ்தவரல்லாத நாடார் பெண்களுக்கும் அந்த உரிமை கிடைத்தது. வரதட்சணை, ஆணவக் கொலை, தனிச் சுடுகாடு எல்லாம் இந்த வகை. இவற்றில் நம்மவர்களே பங்காளிகளாக இருக்கும்போது இன்னும் உரக்கப் பேச வேண்டும்.

பேசுகிற விதத்தையும் கவனியுங்கள். எபேசுவில் ஆர்த்தமிஸ் கோயில் வியாபாரம் படுத்துவிடும் என்று ஊரே திரண்டு கத்தியபோது, அப்போஸ்தலர் 19-ல் நகரத்து அதிகாரி ஒருவர் சாட்சி சொல்கிறார்: இவர்கள் கோயிலைக் கொள்ளையடிக்கவில்லை, உங்கள் தேவியைத் தூஷிக்கவும் இல்லை. பவுல் இரண்டு வருடத்துக்கு மேல் அந்த ஊரில் பிரசங்கித்திருக்கிறார். விக்கிரகங்கள் தெய்வமல்ல என்று சொல்லாமலா இருந்திருப்பார்? இருந்தும் வெளியாள் ஒருவரால் இப்படிச் சொல்ல முடிந்தது. மச்சானிடம் அவர் குலதெய்வத்தைப் "பேய்" என்று சொல்லிவிட்டு, அப்புறம் நற்செய்தி சொல்ல வழி இருக்காது.

இதெல்லாம் ஒரு புராட்டஸ்டண்ட் போதகரின் கண்ணோட்டம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கத் திருச்சபை 1969-லேயே ஆரத்தி, கைகூப்பி வணங்குதல், தரையில் அமர்தல் போன்றவற்றைத் தன் சொந்த வழிபாட்டுக்குள் அனுமதித்துவிட்டது; அங்கே உள்ள ஒருவர் உங்களுக்கு வேறு விதமாகப் பதில் சொல்லலாம். பெந்தெகொஸ்தே சபைகளில் நகை, பூ விஷயத்திலேயே கோடு வேறு. உங்கள் பாஸ்டர் உங்களை நேரில் அறிந்தவர், நான் அறியாதவன். அவரோடு சண்டை போட என் பதிலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். 1 கொரிந்தியர் 5, 8, 10 அதிகாரங்களை அவரோடு உட்கார்ந்து சேர்ந்து வாசிக்க முடியுமா என்று கேளுங்கள். நல்ல மேய்ப்பராக இருந்தால் மறுக்க மாட்டார்.

ஆனால் அதற்கு முன்னால் மச்சானுக்குப் போன் பண்ணுங்கள். அக்கா மூலமாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்வது எப்போதும் அவர்தான். "மாப்பிள்ளை, சீரோடு வர்றேன், காது குத்தறப்போ குழந்தை என் மடிதான். பூஜையில மட்டும் நான் கைகூப்ப மாட்டேன், அர்ச்சனையில என் பேர் வேண்டாம், தப்பா எடுத்துக்காதீங்க" என்று நேராகச் சொல்லுங்கள். மொட்டையைப் பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள். பத்திரிகை அடித்து, மடி யாருடையது என்று ஊருக்குச் சொன்ன பிறகு கேட்டால் அவருக்கும் வழி இருக்காது, உங்களுக்கும் இருக்காது.